1965-ல் யாரிடமிருந்து பிரிந்தோம்? தெரியாவிட்டால் படிப்பு சரியில்லை என்று அர்த்தமா?

தேக்காவாசி

போன வாரம் அண்ணன் வீட்டு விருந்தில் ஒரு சின்னச் சண்டை. அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. கெட்டிக்காரப் பிள்ளை. பேச்சுவாக்கில், "1965-ல் பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து சுதந்திரம் வாங்கினோம்" என்று சொல்லிவிட்டாள். சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது தெரியாதா என்று கேட்டால், "ஆமாம், அப்படி ஏதோ உயர்நிலையில் படித்தோம்" என்கிறாள். சென்னையிலிருந்து வந்திருந்த மாமா விடுவாரா? "உலகத்தில் முதலிடம், முதலிடம் என்கிறீர்களே, அந்தக் கல்வியின் லட்சணம் இதுதானா?" என்று ஆரம்பித்தவர், அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகும்வரை நிறுத்தவில்லை.

மாமா சொன்ன முதலிடம் உண்மைதான். 15 வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடந்த பீசா 2022 தேர்வில் கணிதத்தில் 575, அறிவியலில் 561, வாசிப்பில் 543. மூன்றிலும் சிங்கப்பூர்தான் முதல். அப்படிப்பட்ட இடத்தில் படித்த பிள்ளைக்கு நாடு பிறந்த கதை தெரியவில்லை. இதற்கு யாரைக் குறை சொல்வது? பள்ளியையா, வீட்டையா, அவளையா? குறை சொல்லத்தான் வேண்டுமா?

ஒரு தகவல் தெரியவில்லை என்பதற்காக ஒருவருடைய படிப்பையே எடைபோடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இந்த விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

மதுரைக்காரன்_செங்காங்

நான் உங்கள் மாமா கட்சி சார்.

நான் வளர்ந்த ஊரில் பொது அறிவுக்கென்று தனிப் புத்தகமே விற்கும். ஆறுகள், அணைகள், தலைநகரங்கள், நாணயங்கள், யார் எதைக் கண்டுபிடித்தார். குரூப் 4 அரசு வேலைத் தேர்வு எழுதப் போகிற அண்ணன்கள் மொட்டை மாடியில் நடந்துகொண்டே சத்தம் போட்டுப் படிப்பார்கள். கேட்டுக் கேட்டே எங்களுக்குப் பாதி மனப்பாடம் ஆகிவிடும். அதனால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

என் பையன் இங்கே உயர்நிலை 2. மூன்று பாடத்துக்குத் துணைப்பாட வகுப்பு. இயற்கணிதம் போடுவதைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் தலைநகரம் என்ன என்று கேட்டேன். யோசிக்காமல் சிட்னி என்றான். கான்பெரா என்று சொன்னதும் "அது தேர்வில் வராதுப்பா" என்றான். இந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. தேர்வில் வராதது உலகத்தில் இல்லாதது என்று நினைக்க வைக்கிற படிப்பு நல்ல படிப்பா?

அங்மோகியோ அக்கா

சென்னை மாமாவிடம் நீங்கள் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் தேக்காவாசி. புதுச்சேரி எப்போது இந்தியாவோடு சேர்ந்தது?

1947 என்பார். நான் பலரிடம் கேட்டிருக்கிறேன், பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பரில். சட்டப்படி முழுதாக வந்து சேர்ந்தது 1962 ஆகஸ்டில். கோவா போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது 1961 டிசம்பரில். இதெல்லாம் அவர் ஊருக்குப் பக்கத்து விஷயம். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14, அதாவது பொங்கல் அன்று. அதையும் கேட்டுப் பாருங்கள்.

தெரியவில்லை என்றால் அவர் படிக்காதவரா? கிடையாது. அவரவர் பள்ளியில் எதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களோ அது ஒட்டிக்கொள்கிறது, மற்றது உதிர்ந்துவிடுகிறது. தனக்கு ஒட்டிக்கொண்டதை வைத்து அடுத்தவரை அளப்பதுதான் எனக்கு எரிச்சல். அதுவும் சாப்பாட்டு மேசையில், ஒரு பெண் பிள்ளையை எல்லார் முன்னாலும்.

மதுரைக்காரன் தம்பி, உங்கள் பையனிடம் கான்பெராவைப் பற்றிக் கேட்டது சரி. நம் தேசிய கீதத்தின் பொருளைக் கேட்டீர்களா? நீங்களும் சேர்ந்து சொல்லிப் பாருங்கள்.

ஆசிரியை_கிழக்கு

பள்ளிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பள்ளியில் சொல்லித் தருவதில்லை என்பது தவறு. 1963-ல் மலேசியாவோடு இணைந்தது, 1964 இனக் கலவரங்கள், 1965-ல் பிரிந்தது, எல்லாம் உயர்நிலை ஒன்று, இரண்டில் வரலாற்றுப் பாடத்தில் வருகிறது. ஆண்டுதோறும் ஜூலை 21-ல் இன நல்லிணக்க நாள் கொண்டாடுவதே 1964 கலவரத்தின் நினைவாகத்தான். பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாள், 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த நாள். இன நல்லிணக்க நாளைப் பற்றிப் பிள்ளைகளைக் கேட்டால் "அன்றைக்குப் பாரம்பரிய உடை போட்டு வருவோம்" என்பார்கள். உடை நினைவிருக்கிறது, காரணம் நினைவில் இல்லை.

இது புதிய கவலையும் இல்லை. 1996-ல் பத்திரிகைகள் இளையர்களிடம் சிங்கப்பூர் வரலாற்றைப் பற்றிக் கேட்டுப் பார்த்தன. பலருக்கு அடிப்படை விஷயங்களே தெரியவில்லை. அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் அந்த ஆண்டு ஆசிரியர் தின உரையில் இதைப் பேசினார். அடுத்த ஆண்டு, 1997 மே மாதம், தேசியக் கல்வி என்ற திட்டம் வந்தது. அன்று பதில் தெரியாமல் விழித்தவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். வங்கி நடத்துகிறார்கள், அறுவை சிகிச்சை செய்கிறார்கள், சிலர் என்னோடு ஆசிரியர் அறையிலும் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஏன் தங்குவதில்லை? என் அனுபவத்தில் காரணம் எதைத் தேர்வு வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி மட்டும்தான். சோஷியல் ஸ்டடீஸ் வகுப்பில் உண்டு, அந்தத் தேர்வில் கிடையாது. எந்தப் பாடத்தை எத்தனை பெற்றோர் கண்டுகொள்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உயர்நிலைக்குப் போனால் வரலாற்றுத் தேர்வில் ஒரு கேலிச்சித்திரமோ ஒரு கடிதமோ கொடுத்து, "இதை எழுதியவரின் நோக்கம் என்ன, இதை நம்பலாமா?" என்று கேட்கிறோம். அது அருமையான பயிற்சி. நான் படித்த காலத்தில் ஆண்டுகளை ஒப்பித்தோம், இந்த மாதிரி யோசிக்கவில்லை. ஆனால் ஆதாரத்தை அலசத் தெரிந்த பிள்ளைக்கு எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது குழம்பிவிடுகிறது. அலசுவதற்குக் கையில் சரக்கு வேண்டாமா?

இன்னொன்றும் பார்க்கிறேன். பொது அறிவு நிறைய உள்ள பிள்ளைகளிடம் எங்கே கற்றாய் என்று கேட்டால், பள்ளியில் என்று யாரும் சொல்வதில்லை. தாத்தா செய்தி கேட்பார், அம்மா காரில் பேசிக்கொண்டே வருவார், அப்பா எதைப் பார்த்தாலும் விளக்குவார், இப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டுப் பேச்சில் வருவதைப் பள்ளியின் கணக்கில் எழுதுகிறோம். வராவிட்டால் பள்ளியின் தலையில் போடுகிறோம்.

பாலி_பையன்

இந்த இழையில் நான்தான் சின்னவன் என்று நினைக்கிறேன். கேட்கலாமா?

தலைநகரம், ஆண்டு, ஜனாதிபதி பெயர் எல்லாம் கைப்பேசியில் மூன்று வினாடியில் வந்துவிடும். அதைத் தலையில் ஏன் சுமக்க வேண்டும்? எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எல்லாத் தலைநகரமும் தெரியும். ஆனால் "உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த இணைப்பைத் தட்டுங்கள்" என்று செய்தி வந்தால் உடனே தட்டிவிடுகிறார்கள். 2024-ல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் போன பணம் நூறு கோடி வெள்ளிக்கு மேல். எந்த அறிவு இல்லாததால் அதிக நஷ்டம்? அதை ஏன் யாரும் சாப்பாட்டு மேசையில் கேட்பதில்லை?

மதுரைக்காரன்_செங்காங்

தம்பி, மோசடியில் ஏமாறுகிறவர்கள் எல்லாரும் வயதானவர்கள் என்று நினைத்துவிடாதே. என் அலுவலகத்தில் உன்னைவிட நாலு வயது பெரிய பையன் ஏமாந்தான்.

அக்கா, தேசிய கீதம் விஷயத்தில் மாட்டிவிட்டீர்கள். "முன்னேறட்டும் சிங்கப்பூர்" வரைக்கும்தான் எனக்கும் பையனுக்கும் தெரியும். புதுச்சேரிக் கேள்வியை நாளைக்கே எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் போடுகிறேன்.

தேக்காவாசி

பாலி தம்பி கேட்டது நல்ல கேள்வி. அதற்குத்தான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்று இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேர். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி ஒரு பத்தி கொடுத்துப் படிக்கச் சொல்லி, படித்ததைப் பொம்மைகளை வைத்து நடத்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் மட்டமாக இருந்தும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டியாக இருந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். அதாவது, விஷயம் ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் படிப்பது உள்ளே போகிறது. கைப்பேசியில் தேடலாம், சரி. எதைத் தேட வேண்டும், வந்த பதில் பொருந்துகிறதா என்று பார்க்கவும் தலையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இதை அண்ணன் மகள் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். ஜொகூர் தண்ணீர் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறதல்லவா? 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாள் ஒன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு மூன்று சென் மலேசியக் காசு. 2061 வரை செல்லும். இந்த விலையை மாற்றலாமா, கூடாதா என்ற வாதம் வரும்போதெல்லாம் நம் தரப்பு 1965 பிரிவினை ஒப்பந்தத்தைக் காட்டும். தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு அதில் உத்தரவாதம் உண்டு. இப்போது, பிரிட்டனிடமிருந்து பிரிந்தோம் என்று நினைக்கிற ஒருவர் அந்தச் செய்தியைப் படித்தால் என்ன புரியும்? மலேசியா எதற்கு உத்தரவாதம் கொடுத்தது என்ற இடத்திலேயே நின்றுவிடும். தேசிய கீதம் ஏன் மலாய் மொழியில் இருக்கிறது, 1967-ல் அவசர அவசரமாக ஏன் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) வந்தது, வயதான மலாய் அண்டைவீட்டாருக்கு ஜொகூரில் ஏன் பாதிக் குடும்பம், எல்லாம் அந்த ஒரு முடிச்சில் தொங்குகிறது.

கான்பெரா அப்படி இல்லை. அது தெரியாவிட்டால் வேறு எதுவும் அறுந்து விழாது. (ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறவர் தெரிந்துகொள்ளட்டும்.) எந்தத் தகவல் இல்லாவிட்டால் வேறு பத்து விஷயம் புரியாமல் போகுமோ, அது இல்லாததைத்தான் நான் குறையாக எடுத்துக்கொள்வேன். மாமாவின் பட்டியலில் பாதி இதில் தேறாது.

ஓய்வுபெற்ற தபால்காரர்

வணக்கம். பேரன் தட்டச்சு செய்து தருகிறான்.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைதான். 1965 ஆகஸ்ட் 9 திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு வானொலியில் அறிவித்தார்கள். நான் சிறுவன். அப்பா கடையிலிருந்து பாதியில் வந்துவிட்டார், அம்மா அரிசி வாங்கி வைக்கலாமா என்று கேட்டது நினைவிருக்கிறது. சாயங்காலம் தொலைக்காட்சி இருந்த வீட்டில் கூட்டம். பிரதமர் லீ குவான் இயூ பேசிக்கொண்டிருக்கும்போதே கண்கலங்கியதைப் பார்த்துவிட்டு வந்து பெரியவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு இது பாடம் இல்லை. எங்கள் வீட்டில் நடந்தது. உங்கள் அண்ணன் மகளுக்கு அது எங்கள் தாத்தா காலத்துக் கதை மாதிரி. மறந்தால் திட்டக் கூடாது, சொல்ல வேண்டும்.

தமிழ் முரசு, வானொலி, தபால் போடப் போன வீடுகள், இவைதான் என் படிப்பு. உறைகளில் ஒட்டியிருக்கும் தபால்தலையைப் பார்த்தே நாடுகளைக் கற்றேன். இரண்டு வெள்ளி நோட்டில் இருப்பவர் யூசோப் பின் இஷாக், நம் முதல் அதிபர், 1970-ல் பதவியில் இருக்கும்போதே காலமானார். அந்த நோட்டின் பின்பக்கம் பள்ளிகளின் படம், கல்விதான் அதன் கருத்து. தினமும் கையில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள்? சரி, தற்பெருமை போதும்.

இவ்வளவு தெரிந்த எனக்கு மத்திய சேமநிதியிலிருந்து கடிதம் வந்தால் பேரன்தான் படித்துச் சொல்ல வேண்டும். வட்டி எப்படிச் சேர்கிறது என்று மூன்று தடவை விளக்கினான். புரிந்த மாதிரி தலையாட்டினேன். எனக்குத் தகவல் இருக்கிறது, படிப்பு இல்லை. அவனுக்குப் படிப்பு இருக்கிறது. ராஜரத்தினம் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்தின் பெயர் என்கிறான். தினமும் அவர் எழுதிய தேசிய பற்றுறுதியைச் சொல்லித்தான் பள்ளியில் வளர்ந்தான்.

(பேரன்: ராஜரத்தினம் வெளியுறவு அமைச்சர் என்று எனக்குத் தெரியும். தாத்தா மிகைப்படுத்துகிறார்.)

துவாஸ்_பொறியாளர்

மாமாவுக்கு என்னிடமும் ஒரு கேள்வி உண்டு. சென்னையில் கத்திரி வெயில் ஏன் மே மாதத்தில் கொளுத்துகிறது?

"பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், நாம் மார்கழிப் பனி என்று போர்த்திக்கொள்ளும்போது. மிகத் தூரம் போவது ஜூலையில். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் மேலே வருகிறது, அப்புறம் தரை சூடேறி மே மாதத்தில் வறுக்கிறது. 1987-ல் ஹார்வர்ட் பட்டமளிப்பு விழாவிலேயே பருவங்கள் ஏன் மாறுகின்றன என்று கேமராவை வைத்துக் கேட்டார்கள். கறுப்பு அங்கியோடு நின்றவர்களில் பெரும்பாலோர் இதே தூரக் கணக்கைத்தான் சொன்னார்கள், அதுவும் தயங்காமல்.

எனக்கு இதில் கவலை அந்தத் தயங்காமைதான். அண்ணன் மகளாவது "அப்படி ஏதோ படித்தோம்" என்று இழுத்தாள். அந்த இழுப்பு நல்லது. அங்கே நுழைய வழி இருக்கிறது. சிங்கப்பூர் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியில் கொஞ்சம் தள்ளுபடியும் கொடுக்க வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்கு 1.3 டிகிரி வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுக்க ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டுகிற ஊரில் பருவம் என்பதே பாடப்புத்தகத்தில் இருக்கிற ஒன்றுதான்.

மருந்தக_மேரி

சுருக்கமாக. மருந்தகத்தில் நிற்கிறேன், பட்டதாரிகள் நிறைய வருகிறார்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை என்று கோபப்படுகிறவர்களில் அவர்கள்தான் அதிகம். சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான். 2015-ல் உலகச் சுகாதார நிறுவனம் 12 நாடுகளில் கேட்டபோது, 64 விழுக்காட்டினர் சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும் என்று நம்பினார்கள். இன்னொரு வகையினர் இரண்டு நாளில் நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை வீட்டில் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். தேக்காவாசி சொன்ன முடிச்சு மாதிரிதான். வைரஸ் வேறு, பாக்டீரியா வேறு என்ற ஒன்று தெரிந்தால் பாதிக் கேள்வி என் கவுன்டருக்கே வராது. 1965-ஐ வரலாற்றுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு இது போதும்.

கப்பல்பட்டறை_சிவகங்கை

எல்லாரும் எழுதுகிறீர்கள், நானும் எழுதுகிறேன். நான் பி.எஸ்சி. வேதியியல். இங்கே வந்து பட்டறையில் வெல்டிங் உதவியாளர். பேருந்தில் என்னைப் பார்ப்பவர் யாரும் நான் படித்தவன் என்று நினைப்பதில்லை. அது பழகிவிட்டது.

பொது அறிவை வைத்து எடைபோடுவது எனக்கு வேறு மாதிரி தெரியும். போன ஆண்டு ஒருவர், நல்ல மனிதர்தான், சாப்பாடு கொடுக்க விடுதிக்கு வந்தார். பேச்சுக்கு நடுவில் "சிங்கப்பூர் அதிபர் யார் தெரியுமா?" என்று பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டார். தர்மன் சண்முகரத்னம், 2023-ல் தேர்தலில் ஜெயித்தார் என்றேன். "பரவாயில்லையே!" என்றார். அந்த 'பரவாயில்லையே' இன்னும் காதில் இருக்கிறது. பதில் தெரியாமல் போயிருந்தால் என்னை என்னவென்று முடிவு கட்டியிருப்பார்? மாமாக்கள் கேட்கிற கேள்வியில் பாதி, பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது இல்லை.

அங்மோகியோ அக்கா

கடைசி வரிக்காகவே இந்த இழையைப் படித்தது வீண் போகவில்லை தம்பி.

மதுரைக்காரன்_செங்காங்

சிவகங்கை, நீங்கள் சொன்னது உறைக்கிறது. ஆனாலும் என் கட்சியை முழுதாக விடமாட்டேன். கேட்கிற விதம் கேவலம் என்பதால் கேள்வியே வேண்டாம் என்று ஆகாது. தேர்வில் வராதது வேண்டாம் என்று என் பையன் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. டீச்சர், அவனை அடித்து உட்கார வைக்காமல் இந்த 1942, 1965 எல்லாம் உள்ளே போக ஏதாவது வழி சொல்லுங்கள். புத்தகம் என்றால் ஓடுவான்.

ஆசிரியை_கிழக்கு

புத்தகம் வேண்டாம் சார், இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அப்பர் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது. 1942-ல் பிரிட்டிஷ் படை சரணடைந்தது அங்கேதான். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், தேக்காவில் மீன் வாங்கிவிட்டு நடந்தே போகலாம். வீட்டிலேயே என்றால், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. அவனுடைய பிறந்தநாள் தேதியைப் போட்டு, அறுபது ஆண்டுக்கு முன்னால் அன்றைக்கு என்ன விளம்பரம் வந்தது என்று தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் விளம்பரத்தில் நுழைந்து செய்திக்கு வந்துவிடுகிறார்கள், நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். முக்கியமாக, கேள்வி கேட்காதீர்கள். நீங்களும் சேர்ந்து பாருங்கள்.

மதுரைக்காரன்_செங்காங்

ஞாயிற்றுக்கிழமை ஃபோர்டு தொழிற்சாலை என்று சொல்லிவிட்டேன். பழைய கார் இருக்குமா என்கிறான்.

ஓய்வுபெற்ற தபால்காரர்

கார் பூட்டிய இடம்தான் தம்பி. 1941-ல் திறந்தார்கள், அடுத்த பிப்ரவரியில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். இப்போது உள்ளே கண்காட்சிதான். சரணாகதி நடந்த அறை இருக்கிறது, அதைக் காட்டுங்கள். டவுன்டவுன் பாதையில் ஹியூம் நிலையத்தில் இறங்குங்கள், கொஞ்ச தூரம்தான் நடை. ஏற்றம் இருக்கும், தண்ணீர் எடுத்துப் போங்கள்.